மாமாவின் வலது காலும் ஒரு தகரப் பீலியும்

போன மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மாமா என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கியவர் உள்ளே வரவில்லை. வலது கால் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து, "அந்தக் குடத்துத் தண்ணிய எடுத்து ஊத்துடா" என்றார். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். திருமயத்தில் ஒரு இளநீர் குடிக்க நிறுத்தியதோடு சரி. பைக் இன்ஜின் சூட்டில் கெண்டைக்காலின் உள்பக்கம் சிவந்து கிடந்தது. கொப்புளம் இல்லை. ஆனால் அந்தச் சிவப்புக்கு அடியில், கொசுவலையை வைத்து அழுத்தி எடுத்தாற்போலப் பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. அவை அன்றைக்கு வந்தவை மாதிரித் தெரியவில்லை.

நான் வைத்திருப்பது வாகன மின்வேலைக் கடை. செல்ஃப் மோட்டார், சார்ஜிங், வயரிங் என்று போகிற பிழைப்பு. பைக்குக்குத் தகடு வளைத்து மாட்டுவது என் தொழில் கிடையாது. இருந்தும் அன்றிலிருந்து ஆகஸ்ட் வரை, கிடைத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அந்த வண்டியோடுதான் போனது. பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் கடைக்கு வந்தால் இதே சூட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், சொதப்பியதையும் சேர்த்து.

புகார்

வண்டி 650 சிசி, இரட்டை சிலிண்டர், கூலன்ட் ஓடுகிற இன்ஜின். முன்னால் பாதி உடம்பை மறைக்கும் ஃபேரிங், உயரமான கண்ணாடி, பக்கவாட்டில் பெட்டிகள். ஓட்டுபவருக்கு 61 வயது, உயரம் ஐந்தடி நாலு அங்குலம், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உயரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், குட்டையானவர் இந்த வண்டியில் டேங்கை ஒட்டி முன்னால் தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. முழங்கால் ஃபேரிங்கின் பின்விளிம்புக்கு நேராக வந்துவிடுகிறது. ஆறடி ஆளுக்கு ஒரு சாண் தள்ளிப் போகிற காற்று மாமாவுக்கு நேரே காலில் விழுகிறது.

மறுநாள் தோல் மருத்துவரிடம் போனோம். கோடுகளைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அடுப்படியில வேலையா?" கொப்புளம் போடும் அளவுக்கு இல்லாத சூடு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் தோலில் இப்படி வலை விழுமாம். அடுப்பு முன்னால் நாள் முழுக்க உட்காருபவர்களுக்கும், இடுப்பு வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்பவர்களுக்கும், லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்பவர்களுக்கும் வரும் என்றார். 44 டிகிரிச் சூடுகூட மணிக்கணக்கில் ஒட்டியிருந்தால் தோலைப் புண்ணாக்கும். 60 டிகிரி என்றால் சில நொடிகள் போதும். மாமாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மந்தமாகிவிட்டால் சுடுவதே தெரியாமல் புண்ணாகிவிடும். "வண்டிய விட முடியாதுன்னா சூட்டையாவது விடுங்க" என்று சொல்லி அனுப்பினார். மாமா வண்டியை விடுகிற ஆள் இல்லை.

முதலில் வண்டிக்கு வைத்தியம்

சர்வீஸ் சென்டரில் "இந்த வண்டிக்கு இது சகஜம் சார்" என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிலில் எரிச்சல் வந்தாலும் அது முழுப் பொய்யும் இல்லை. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் வண்டியை ஓட்டுவதற்குப் போவது 25, 30 ரூபாய்தான். மிச்சம் எல்லாம் சூடு. கிட்டத்தட்டப் பாதி புகையோடு சைலன்சர் வழியாகவும், பாதி ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் பெட்டியை இன்ஜினுக்கு மிகப் பக்கத்தில் வைக்கிறார்கள். அது சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும், ஆகவே சீக்கிரம் சூடாக வேண்டும். மாமா வண்டியில் அந்தப் பெட்டி இருப்பது இன்ஜினுக்கு அடியில், வலது குதிகாலுக்கு ஒரு கை அகலம் தள்ளி.

ஆனால் சகஜமான சூடு எது, கோளாறால் வரும் சூடு எது என்று பிரித்துப் பார்க்காமல் தகடு மாட்டினால் நோயை மூடிப் பவுடர் அடித்த கதையாகிவிடும். கூலன்ட் அளவு சரியாக இருந்தது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் சரி. அந்த மூடியின் அழுத்தம் இருப்பதால்தான் உள்ளே இருக்கும் திரவம் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, அது தேய்ந்தால் வேறு கதை. ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றும் பார்த்தேன். இது என் தொழில்புத்தி. ஒருமுறை விபத்தில் அடிபட்டு வந்த வண்டியில் யாரோ ஃபேன் வயரை மாற்றி இணைத்திருந்தார்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மாமா வண்டியில் அந்தக் கோளாறு இல்லை.

இருந்தது செம்மண். ரேடியேட்டரின் மெல்லிய மடிப்புகளில் கீழ்ப்பாதி முழுக்கச் செம்மண்ணும் பூச்சிகளும் சேர்ந்து அப்பிப் போயிருந்தன. நம் ஊர்ப்பக்கம் ஊருணிக்கரை வழியாக ஒருமுறை போய்வந்தாலே வண்டி காவி கட்டிக்கொள்ளும், இது மூன்று வருஷக் காவி. பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் அரை மணி நேரம் கழுவினோம். வாட்டர் சர்வீஸ் கடையில் அடிக்கும் வேகத்தில் அடித்தால் மடிப்புகள் சாய்ந்து அடைத்துக்கொள்ளும். இதற்குப் பிறகு ஃபேன் ஓடும் நேரம் நன்றாகவே குறைந்தது. கால் சூடு கொஞ்சம்தான் குறைந்தது.

கருவி பொய் சொன்ன கதை

அளந்து பார்க்கலாம் என்று கடையில் இருந்த துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்தேன். குதிகால் பக்கத்துச் சைலன்சர் தகட்டை நோக்கிச் சுட்டால் 46 டிகிரி காட்டியது. "அம்புட்டுதானா?" என்று மாமா விரலை வைத்துப் பார்த்துவிட்டார். உடனே இழுத்துக்கொண்டு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி ஏமாறும். அது அளப்பது பொருளிலிருந்து வரும் வெப்பக் கதிரை. கறுப்பு, மங்கல் பரப்புகள் தங்கள் சூட்டை அப்படியே கதிராக விடும். மெருகேறிய எவர்சில்வரும் அலுமினியமும் மிகக் கொஞ்சமே விட்டு, சுற்றியிருப்பவற்றின் கதிரைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். சைலன்சருக்கு அடிக்கும் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்டை எட்டணா அளவுக்கு ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் அந்தப் பொட்டைக் குறிபார்த்தேன். 93 டிகிரி. பாதிக்குப் பாதி பொய்! இந்தப் பொட்டு வைக்கும் பழக்கம் இல்லாமல் எடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு "இந்தத் தகடு சூப்பர்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே ஏமாற்றுக் குணம்தான் நமக்குப் பின்னால் கைகொடுத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

காற்றின் சூட்டை இந்தக் கருவியால் அளக்கவே முடியாது. மல்டிமீட்டரோடு வரும் கே வகைக் கம்பி அதற்குச் சரி. ஜீன்ஸுக்கு வெளியே, துணியில் ஒட்டாமல் ஒரு சென்டிமீட்டர் தூக்கினாற்போல் நுனியை டேப் போட்டு நிறுத்தி, ஒன்றைக் கெண்டைக்காலிலும் ஒன்றைத் தொடையிலும் கட்டினோம். காலை பதினோரு மணி, நிழலில் 37 டிகிரி. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் வரை போய்த் திரும்பினார். 80 கிலோமீட்டர் வேகத்தில் வலது கெண்டைக்கால் அருகே 57, தொடை அருகே 46. ஊருக்குள் பெரியார் சிலை பக்கம் நெரிசலில், ஃபேன் ஓடும்போது கெண்டைக்கால் 61, தொடை 52.

இதிலேயே விஷயம் பிடிபட்டது. காலுக்கு வருவது ஒரே சூடு இல்லை. ரேடியேட்டரிலிருந்து வரும் காங்கை, அதாவது சூடான காற்று, ஒன்று. இன்ஜினிலிருந்து புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பும் கேட்டலிஸ்ட் பெட்டியும் வீசும் அனல் இன்னொன்று. காற்றே அசையாவிட்டாலும் அது வந்து சேரும். மூன்றாவது, சேஸிஸ் குழாயிலும் டேங்கின் அடியிலும் ஏறிக்கொண்டு தொடையில் ஒட்டிச் சுடுவது. மூன்றுக்கும் ஒரே தகடு போட்டு முடிக்கலாம் என்று நினைத்தது என் முதல் தப்பு.

வாங்கிப் போட்ட இறக்கைகள்

காற்றைத் திருப்பும் இறக்கை ஒரு ஜோடி, ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு வாங்கினோம். நிறமில்லாத பாலிகார்பனேட், முழங்காலுக்கு முன்னால் கிராஷ் கார்டில் கிளாம்ப் போட்டு மாட்டுவது. பார்க்க அழகு. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை, தேவகோட்டை வரை சும்மாவே ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தார்.

வந்தவர் முகம் சரியில்லை. "கால் தேவலடா. தொடையிலதான் யாரோ இட்லிச் சட்டிய வச்சாப்ல இருக்கு" என்றார். அளந்தோம். கெண்டைக்கால் 57லிருந்து 47க்கு இறங்கியிருந்தது. தொடை 46லிருந்து 53க்கு ஏறியிருந்தது. ஊருக்குள்ளோ ஒரு மாற்றமும் இல்லை, சொல்லப்போனால் ஒன்றிரண்டு டிகிரி கூட. காற்றைத் திருப்பும் சாமான் காற்று வந்தால்தானே வேலை செய்யும்? நிற்கிற வண்டியில் அது வெறும் அலங்காரம்.

தொடை ஏன் சுடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. நூல் கட்டுவது. அத்தையின் கிழிந்த கண்டாங்கிச் சேலையிலிருந்து சிவப்பு நூலாக உருவி, விரல் நீளத்துக்கு வெட்டி, ஃபேரிங் விளிம்பிலும் டேங்கிலும் இறக்கையின் உள்பக்கமும் முப்பது இடத்தில் டேப்பால் ஒட்டினோம். விடியற்காலையில் வண்டி அதிகம் இல்லாத திருப்பத்தூர் ரோட்டில் மாமா முன்னால் ஓட்ட, தம்பி ஓட்டிய வண்டியின் பின்னால் உட்கார்ந்து நான் செல்போனில் படம் பிடித்தேன். வெளிப்பக்கத்து நூல்கள் எல்லாம் ஒழுங்காகப் பின்னோக்கிப் படுத்திருந்தன. இறக்கைக்கு உள்பக்கத்து நூல்கள் மட்டும் தலைகீழாக நிமிர்ந்து, மாமாவின் வயிற்றைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன.

காரணம் அந்த உயரமான கண்ணாடி. அது காற்றைப் பிளந்து இரு பக்கமும் தள்ளும்போது அதற்குப் பின்னால், ஓட்டுபவரின் மடிக்கு முன்னால், காற்றழுத்தம் குறைந்த ஒரு குழி உண்டாகிறது. பக்கத்தில் இருக்கும் காற்றை அது இழுக்கும். முன்பு ரேடியேட்டர் காங்கை பாதி வெளியே சிதறி, பாதிதான் அந்தக் குழிக்குள் போனது. இறக்கை வைத்தபின் வெளியே போகிற வழியை நாமே அடைத்துவிட்டோம். முழுவதும் மடிக்கு வந்து சேர்ந்தது.

வெயில் நாளில் இன்னொரு சங்கடமும் உண்டு. தோலின் சூடு 34, 35 டிகிரி இருக்கும். வெளிக்காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை காற்று பட்டால் உடம்பு குளிரும். நம் ஊர் மே மாதத்தில் 38, 39 என்று போகும்போது காற்றே சூட்டைக் கொண்டுவந்து உடம்பில் கொட்டுகிறது, வேர்வை உலர்வது ஒன்றுதான் குளிர்ச்சி தரும். ஆகவே காலுக்குக் காற்றே வராமல் மூடுவதும் தப்பு, வேர்வை உலராது. சூடான காற்றை விலக்க வேண்டும், சாதாரணக் காற்றை விடவும் வேண்டும்.

பீலி

செக்காலைப் பக்கம் தகர வேலை பார்க்கும் ஒருவரைத் தெரியும். கல்யாணச் சமையல் கொட்டகைக்குப் புகைக்கூண்டு, பழைய செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்து ஓட்டு விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கி இறக்கும் தகரப் பீலி, இவைதான் அவர் கைவேலை. பைக்கே ஓட்டத் தெரியாது, சைக்கிள்தான். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, செல்போனில் நூல் ஆடுவதைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"இது என்ன தம்பி, முற்றம் வைக்காம நாலு பக்கமும் சுவரு மட்டும் எழுப்புன வீடு மாதிரி இருக்கு. காத்து உள்ள வந்துருச்சு. போக வழி எங்க?"

"அதான்ணே, தடுக்கிற மாதிரி ஒரு தகடு..."

"தடுக்காதீங்க. பீலி மாதிரி மடக்கி வெளிய இறக்கி விட்ருவோம். மேல வாய் எவ்வளவு அகலமோ கீழ வாயும் அவ்வளவு இருக்கணும். தண்ணிக்கு என்ன கணக்கோ காத்துக்கும் அதான். கீழ குறுக்குனா மேல வழியும்."

தினசரிக் காலண்டரின் அட்டைதான் மாதிரி எடுக்க ஏற்றது. மடிக்கலாம், நிமிர்த்தலாம், கத்தரிக்கோலில் வெட்டலாம். போன வருஷத்து முருகன் படக் காலண்டர் இரண்டு தீர்ந்தன. ரேடியேட்டரின் பின்விளிம்பில் தொடங்கி, முழங்காலுக்கு வெளியே போய், கால்வைக்கும் கம்பிக்கு முன்னாலேயே வெளிப்பக்கமாகக் கீழே இறங்கும் அரைவட்டப் பீலி, இடது ஒன்று வலது ஒன்று. பீலியின் முதுகுக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் சந்து. முன்னாலிருந்து வரும் சூடுபடாத காற்று அந்தச் சந்து வழியாகப் போய்க் காலில் படும்.

தகடு 16 கேஜ் அலுமினியம், ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மெல்லியதாகப் போட்டால் வண்டி அதிர்வில் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் போடும், கொஞ்ச நாளில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும்.

இந்த இடத்தில் நான் மூக்கை நுழைத்தேன். கீழ்வாய் அகலமாக இருந்தால் பார்க்க யானைக் காது மாதிரி இருக்கிறது என்று சொல்லி, மூன்றில் ஒரு பங்கு குறுக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குறுக்கிக் கொடுத்தார். மாட்டி, வண்டியை நிறுத்திவைத்து ஓடவிட்டுக் கடிகாரம் பார்த்தோம். பீலி இல்லாதபோது ஃபேன் ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடி, இரண்டு நிமிஷம் ஓய்வெடுக்கும். இப்போது நாலு நிமிஷம் ஆகியும் நிற்கவில்லை. ரேடியேட்டர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். ஓட்டுபவர் சுகத்துக்காக இன்ஜினைக் கொல்லும் வேலை இது. திரும்பக் கொண்டுபோனேன். "வழியுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் முதலிலேயே அகலமாக வெட்டி ஓரத்தில் சாத்திவைத்திருந்த ஜோடியை எடுத்து வந்தார்.

எதை மாட்டினாலும் இந்த ஃபேன் சோதனையை விடாதீர்கள். பத்து நிமிஷ வேலை.

குதிகால் பக்கம்

கேட்டலிஸ்ட் பெட்டியிடமிருந்து வருவது அனல், காற்று இல்லை. அதற்குப் பீலி உதவாது, மறைப்புதான் வேண்டும். அலுமினியம் இங்கே வேண்டாம் என்று முடிவு செய்தோம். கொதிக்கிற குழம்பில் அலுமினியக் கரண்டியையும் எவர்சில்வர் கரண்டியையும் போட்டுவைத்தால் எதன் காம்பு முதலில் சுடும் என்று வீட்டில் கேளுங்கள். அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். கிளாம்ப் தொடும் இடத்தில் ஏறிய சூடு தகடு முழுக்கப் பரவிவிடும். எவர்சில்வரில் அது அந்த இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே 304 ரக எவர்சில்வர், முக்கால் மில்லிமீட்டர், பெட்டியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி. அந்த இடைவெளிதான் உண்மையான வேலையைச் செய்கிறது, தகடு அதற்கு ஒரு சாக்கு. ஒட்டி மாட்டினால் இன்னொரு சுடுகிற பரப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

மாமாவுக்கு எல்லாம் கறுப்பாக வேண்டும் என்று ஆசை. வண்டி கறுப்பு. "எவர்சில்வர் சம்படத்தக் கட்டிக்கிட்டு ஓட்டுற மாதிரி இருக்குடா" என்று புலம்பினார். இங்கேதான் அந்த ஏமாற்றுக் குணம். மெருகுள்ள பரப்பு, பெட்டியின் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. தான் சூடானாலும் காலை நோக்கிக் கொஞ்சமே கதிர் வீசுகிறது. கறுப்புப் பெயின்ட் அடித்தால் இரண்டு நன்மையும் போச்சு. சம்படம் சம்படமாகவே இருக்கட்டும் என்று விட்டோம்.

சைலன்சர் பைப்பில் வெப்ப நாடா சுற்றலாமே என்று பலர் சொன்னார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த நாடா தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும், பைப் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை, செய்யவில்லை.

டேங்குக்கு அடியிலும் சேஸிஸ் குழாயிலும் அலுமினியம் பூசிய கண்ணாடியிழைத் துணியை ஒட்டினோம். பெட்ரோல் குழாய்களைத் தொடாமல் ஒட்ட வேண்டும், கையுறை போட வேண்டும். நான் போடவில்லை, இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தேன்.

மாட்டும்போது

சேஸிஸில் புது ஓட்டை போடவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் போல்ட்டுகளிலும், ரப்பர் வைத்த கிளாம்ப்பிலும்தான் எல்லாம் நிற்கிறது. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு, அதிர்வில் கழலாமல் இருக்க நல்லதுதான். ஆனால் சைலன்சர் பக்கத்தில் அந்த நைலான் இளகிவிடும். அங்கே முழுக்க உலோகத்திலேயே இறுகும் நட்டு போட வேண்டும்.

அலுமினியத் தகட்டில் எவர்சில்வர் போல்ட்டை அப்படியே முடுக்கினால், ஈரம் பட்டதும் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன பேட்டரி மாதிரி நடந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற ஊரில், அரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் போல்ட் முடுக்கினால் மரியாதையாகவா இருக்கும்? சூடு குறைந்த இடங்களில் நைலான் வாஷரும், மற்ற இடங்களில் சூடு தாங்கும் கிரீஸும் வைத்தோம்.

ஹேண்டில்பாரை முழுக்க இடப்பக்கம் திருப்பியபோது பிரேக் குழாய் பீலியின் விளிம்பில் உரசியது. நேரே ஓட்டினால் தெரியவே தெரியாது, ஒருநாள் திருப்பத்தில் அறுந்திருக்கும். விளிம்பை ஒரு அங்குலம் வெட்டி, பழைய பெட்ரோல் டியூபை நீளவாக்கில் கீறி ஓரம் முழுக்கச் செருகினோம். அப்புறம் கியர் லீவரும் பிரேக் மிதியும், ஷூ போட்ட காலோடு தாராளமாக அசைகிறதா என்று பார்த்தோம். முதல் நாள் தகட்டிலிருந்த எண்ணெய் கருகிப் புகைந்தது. மாமா பயந்துபோனார். அரை மணியில் நின்றுவிட்டது.

செலவு: அலுமினியமும் கூலியும் 1,100, எவர்சில்வர் 450, நட்டு போல்ட் கிளாம்ப் 180, துணி 350. மொத்தம் 2,080 ரூபாய். பரணில் கிடக்கும் பாலிகார்பனேட் இறக்கைகளைவிடக் குறைவு.

ஆகஸ்டில் எடுத்த அளவு

அதே ரோடு, அதே நேரம், நிழலில் 36 டிகிரி. 80 கிலோமீட்டர் வேகத்தில் கெண்டைக்கால் 42, தொடை 41. நூல்கள் மடியைப் பார்த்து நிமிரவில்லை. பீலியின் வாயில் கட்டிய நூல் வெளிப்பக்கமாகக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குள் நெரிசலில் கெண்டைக்கால் 50, தொடை 45. அங்கே காற்றை ஃபேன்தான் பீலிக்குள் தள்ளுகிறது, அது தள்ளுகிற அளவுக்குத்தான் பலன். குதிகால் பக்கத்து மறைப்பில் பொட்டு வைத்து அளந்தால் 58. முன்பு 93.

58 என்பது ஷூ இல்லாமல் தொட்டால் இன்னும் சுடுகிற சூடுதான். மாமா செருப்போடு ஓட்டுவதை நிறுத்தவைத்ததில் தகட்டைவிட அத்தையின் பங்கு பெரிது. தோலில் இருந்த வலை மெல்ல மங்கிவருகிறது. முழுதாகப் போகச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் வலது குதிகால் இன்னமும் வெதுவெதுப்பாகிறது, அதற்கு வழி இன்னும் கிடைக்கவில்லை.

டிசம்பரில் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் போனார். வத்தலக்குண்டில் டீ குடித்துவிட்டு மலை ஏறத் தொடங்கியவர், பாதி மலையிலிருந்து போன் செய்தார். "டேய், கால் வெறைக்குதுடா. இந்த இடது பீலிய எப்படிக் கழட்டுறது?" ஒரு பக்கத்துக்கு இரண்டே போல்ட்தான், சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் இருக்கிறது என்றேன். இரண்டையும் கழற்றிப் பக்கவாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ரேடியேட்டர் காங்கையில் காலைக் காய்ச்சிக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறார். கழற்றி மாட்டும்படி வைத்ததுதான் இந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று இப்போது தோன்றுகிறது. அதுகூடச் சர்வீஸுக்கு விடும்போது கழற்ற வேண்டுமே என்று யோசித்து வைத்ததுதான்.

பாக்கி இருப்பது ஒரு புகார். சங்கடஹர சதுர்த்திக்கு மாமாவும் அத்தையும் பிள்ளையார்பட்டிக்கு இந்த வண்டியில்தான் போய்வருவார்கள். சேலை கட்டியிருப்பதால் அத்தை ஒருபக்கமாக உட்காருவார், இரண்டு காலும் இடப்பக்கம் தொங்கும். போன சதுர்த்தி முடிந்து திரும்பியவர் நேராகக் கடைக்கு வந்து, இரண்டு பாதத்தையும் நீட்டிக் காட்டினார்.

"ஒங்க மாமா காலுக்குப் போற சூட்ட எடுத்து என் காலுக்கு விட்ருக்கீக. இதுக்கா மூணு மாசம்?"

நூல் கட்டிப் பார்த்தபோது பின்சீட்டில் யாரையும் உட்காரவைக்கவில்லை. இடது பீலியின் வாயை மூன்று சென்டிமீட்டர் வெட்டி, நேர் கீழே திருப்பி மாட்டியிருக்கிறது. ஃபேன் சோதனை சரி. அடுத்த சதுர்த்திக்கு அத்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார், சாக்ஸ் போட்டுக்கொண்டு.